வேலையில் இடைவெளி இருக்கிறதா? எம்பிஏவுக்கு விண்ணப்பிக்கும் முறை

வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம், இரண்டு வருடம் வீட்டில் இருந்தவர்கள் எம்பிஏ படிக்க நினைத்தால் முதலில் வருவது பயம்தான். "இத்தனை நாள் என்ன பண்ணினீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது? அந்தப் பயத்தோடு இரண்டு முறை விண்ணப்பித்தவள் நான். முதல் முறை தப்பாகச் செய்தேன். இரண்டாம் முறை சரியாகச் செய்து, 2023 ஜூனில் சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, 2025இல் முடித்து, இப்போது சேலத்தில் வேலை பார்க்கிறேன். என்னிடம் வந்து கேட்கிற தம்பி தங்கைகளுக்கு ஒவ்வொரு முறையும் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதை வைத்துத்தான் புரியும். ஏற்காட்டில் நாகலூர் போகிற வழியில் எங்களுக்கு 6 ஏக்கர் காபித் தோட்டம். நிழலுக்கு சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. 2021 ஜனவரிக் கடைசியில் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து அப்பா விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. நான் அப்போது சென்னையில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். இருந்த லீவையெல்லாம் போட்டுப் பார்த்தேன், போதவில்லை. மார்ச் 12ஆம் தேதியோடு வேலையை விட்டுவிட்டு மலையேறிவிட்டேன். அங்கிருந்து கல்லூரியில் சேரும்வரை 27 மாதம்.

சரி, வேலையைத் தொடங்குவோம். ஒரு பெரிய தாளை எடுத்து, டிகிரி முடித்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை மாதாமாதம் எழுதுங்கள். எந்தத் தேதியில் வேலையில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விட்டீர்கள், நடுவில் என்ன. விண்ணப்பப் படிவங்கள் அனுபவத்தை மாதக் கணக்கில்தான் கேட்கும். எந்தத் தேதி வரை கணக்கிட வேண்டும் என்றும் அதிலேயே போட்டிருக்கும். 43 மாதமும் 20 நாளும் இருந்தால் 44 என்று போடலாமா என்று கேட்கிறார்கள். போடாதீர்கள். முழுநேரமாக, டிகிரிக்குப் பிறகு, சம்பளத்தோடு பார்த்ததைத்தான் பெரும்பாலான கல்லூரிகள் அனுபவம் என்று எடுத்துக்கொள்ளும். படிக்கும்போது செய்த இன்டர்ன்ஷிப் இதில் சேராது.

அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பிஎஃப் தளத்தில் யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் அடையாள எண்ணைப் போட்டு, எங்கே எந்தத் தேதி வரை வேலை பார்த்தீர்கள் என்று காட்டும் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். அனுபவச் சான்றிதழில் ஒரு தேதி, பிஎஃப்பில் ஒரு தேதி என்று இருந்தால் பின்னால் தலைவலி. என் பழைய நிறுவனம் நான் விட்ட தேதியை ஏற்றவே இல்லை. பிஎஃப் கணக்குப்படி நான் இன்னும் அங்கேதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்! கடைசியாகப் பணம் கட்டிய மாதத்திலிருந்து இரண்டு மாதம் கழிந்துவிட்டால், ஆதார் ஓடிபி வைத்து நாமே அந்தத் தேதியை ஏற்றிவிடலாம். இது தெரியாமல் நான் மூன்று மாதம் ஹெச்ஆருக்கு மெயில் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்களுக்கே உரிய தொல்லை: இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பிஎஃப்பில் இனிஷியலே இல்லை. வேலையில் இருக்கும்போது யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். இடைவெளி உள்ளவர்களின் காகிதங்களைக் கூடுதலாகப் புரட்டிப் பார்ப்பார்கள், அப்போது இது கண்ணில் படும். தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன்பே ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள்.

அடுத்து, எந்தக் கதவைத் தட்டுவது. இதில்தான் நான் முதல் முறை சறுக்கினேன்.

அகமதாபாத் ஐஐஎம்மின் ஓராண்டுப் படிப்புக்குக் குறைந்தது 4 வருட முழுநேர அனுபவம் வேண்டும். பெங்களூரு, கல்கத்தா ஐஐஎம்களின் ஓராண்டுப் படிப்புகளுக்கு 5 வருடம். இவற்றுக்கு ஜிமேட் அல்லது ஜிஆர்இ என்ற சர்வதேச நுழைவுத் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள். இரண்டு வருடப் படிப்புகள் அப்படியில்லை. அவற்றுக்கு ஐஐஎம்கள் நடத்தும் நுழைவுத் தேர்வு 'கேட்' (CAT). அதை எழுத டிகிரியில் 50 சதவீதம் போதும். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 45. வயது உச்சவரம்பு கிடையாது. வேலை அனுபவமே இல்லாதவர்களும் எழுதலாம். அனுபவம் இருந்தால் சில கல்லூரிகள் அதற்கு மார்க் தரும், இடைவெளிக்காக யாரும் வாசலிலேயே நிறுத்திவிடுவதில்லை. ஜம்ஷெட்பூரில் உள்ள எக்ஸ்எல்ஆர்ஐ என்ற மேலாண்மைக் கல்லூரி நடத்தும் எக்ஸாட் நுழைவுத் தேர்வு ஜனவரியில் வரும். தமிழ்நாட்டுக்குள் போதும் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு இருக்கிறது. 100 கேள்வி, இரண்டு மணி நேரம். மதிப்பெண்ணும் இடஒதுக்கீடும் வைத்துக் கவுன்சிலிங்கில் இடம் தருவார்கள், நேர்முகத் தேர்வு இல்லை. இடைவெளியைப் பற்றிப் பேச மனசு இன்னும் தயாராகவில்லை என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது டான்செட்தான்.

மதிப்பெண் எத்தனை நாள் செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேட் மதிப்பெண் அந்த ஒரு வருடச் சேர்க்கைக்குத்தான். ஜிமேட் மதிப்பெண் 5 வருடம் செல்லும். வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, எப்போது விடுபடுவோம் என்றே தெரியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு அந்த 5 வருடம் பெரிய விஷயம்.

என்னிடம் 44 மாத அனுபவம் இருந்தது. 48 மாதம் கேட்கிற ஓராண்டுப் படிப்பு ஒன்றின் மேல் ஆசை வந்தது. 4 மாதம்தானே குறைகிறது, தோட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோமே, அதையும் சேர்த்துப் போட்டால் என்ன என்று தோன்றியது. பழக்கமான ஓர் அண்ணனும் "போடு, யார் வந்து தோட்டத்துல நின்னு பாக்கப்போறாங்க" என்றார். நான் எழுதியது இப்படி:

"2021 மார்ச் முதல் எங்கள் குடும்பக் காபி நிறுவனத்தின் செயல்பாட்டு மேலாளராக, பணியாளர் குழுவை வழிநடத்தி, கொள்முதல் முதல் விற்பனை வரையான சங்கிலியைச் சீரமைத்து வருகிறேன்."

2022 ஜனவரியில் நேர்முகத் தேர்வு. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். சம்பளம் இல்லை. சரி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்த நகல் இருக்கிறதா? இல்லை. காபிப் பழத்தைக் காயவைத்து அப்படியே விற்கிற சிறு விவசாயிக்கு அது விவசாய வருமானம், மத்திய வருமான வரி கிடையாது, நாங்கள் தாக்கல் செய்ததும் கிடையாது. நிறுவனத்தின் பெயர் என்ன? நிறுவனமே இல்லை, அப்பா பெயரில் பட்டா இருக்கிறது, அவ்வளவுதான். "அப்போ உங்களை மேலாளரா நியமிச்சது யாரு?" என்று ஒருவர் சாந்தமாகத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு அவர்கள் கேட்ட எதற்கும் நான் நிமிர்ந்து பதில் சொல்லவில்லை. நான் உண்மையிலேயே அந்தத் தோட்டத்தில் காலை ஆறிலிருந்து இருட்டும்வரை வேலை செய்திருக்கிறேன். அந்த ஒரு வார்த்தையால், அத்தனையும் பொய் போல ஆகிவிட்டது. அது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். குடும்பத் தொழிலில் இருந்த காலத்தை அனுபவம் என்ற கட்டத்தில் போட வேண்டுமானால் காகிதம் வேண்டும்: உங்கள் வங்கிக் கணக்கில் மாதாமாதம் வந்த சம்பளம், தொழிலின் ஜிஎஸ்டி அல்லது உதயம் (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) சான்று, வருமான வரித் தாக்கல். செவ்வாய்பேட்டையில் கடை, சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை, அம்மாபேட்டையில் தறி என்று சேலத்தில் பாதிப் பேர் வீட்டில் ஏதோ ஒரு தொழில் இருக்கும். காகிதம் இருந்தால் தைரியமாகப் போடுங்கள், அது முழு அனுபவம். இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைத் தொடாதீர்கள். "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா" என்று ஓர் இடம் இருக்கும், அல்லது கட்டுரைக் கேள்வி இருக்கும். உங்கள் இடைவெளி போய் உட்கார வேண்டிய இடம் அதுதான். பணம் கொடுத்து அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்பவர்கள் பக்கமே போகாதீர்கள். கல்லூரியில் தப்பித்தாலும், வேலைக்கு எடுக்கும் நிறுவனம் பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பார்க்கும்.

இரண்டாம் முறை, 2022 டிசம்பரில், நான் எழுதியது இது:

"2021 மார்ச் 12ஆம் தேதி வேலையை விட்டேன். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, உடனிருந்து பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அதோடு எங்கள் 6 ஏக்கர் காபித் தோட்டத்தின் அறுவடையையும் கணக்கையும் பார்த்தேன். இதற்குச் சம்பளம் இல்லை. அதுவரை பழம் முழுவதையும் தோலோடு செர்ரியாகக் காயவைத்து விற்றுவந்தோம். 2021-22 பருவத்தில் பழைய பல்பர் (பழத்தின் தோலை நீக்கும் இயந்திரம்) ஒன்றை வாங்கி, 4,600 கிலோ பழத்திலிருந்து 900 கிலோ பார்ச்மென்ட் (தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த கொட்டை) எடுத்தோம். அப்பா இப்போது கைத்தடி ஊன்றி நடக்கிறார். வரும் ஜூனிலிருந்து தோட்டத்தைச் சித்தப்பா பார்த்துக்கொள்வார்."

இதில் மூன்று விஷயம் இருக்கிறது. என்ன நடந்தது, அந்த நாட்களில் என்ன செய்தேன், இப்போது எப்படி விடுபட்டேன். முதலாவதை ஒரே வரியில் முடித்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி விவரம், அழுகை, கடன் எதுவும் வேண்டாம். மூன்றாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், ஆனால் படிக்கிறவருக்கு அதுதான் முக்கியம். பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாளா, இரண்டு வருடம் உட்கார்ந்து படிப்பாளா? இதற்கு அவர்கள் கேட்காமலே பதில் சொல்லிவிடுங்கள். சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்ற அந்த வரியை எழுதுவதற்கு முன் நான் சித்தப்பாவிடமும் சித்தியிடமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தேன். முதலில் வீட்டில் ஏற்பாடு, அப்புறம்தான் படிவத்தில் வரி.

நடுவில் உள்ளதற்கு எண்கள் வேண்டும், அந்த எண்கள் உங்கள் கையால் எழுதியதாக இருக்க வேண்டும். எனக்கு ஒரு நீள நோட்டு உதவியது. சாயங்காலம் பறிப்பாட்கள் வரிசையாகக் கூடையைக் கொண்டுவருவார்கள். தராசில் வைத்து, பேருக்கு நேரே கிலோ எழுதி, அன்றைய கூலியைக் கூட்டிவிட்டு, மொத்தப் பழத்தை அன்று ராத்திரியே பல்பரில் போடுவோம். மறுநாள் வரை வைத்தால் குவியல் சூடேறிப் புளித்துவிடும். தோல் நீக்கின கொட்டையை ஒன்று, ஒன்றரை நாள் தொட்டியில் ஊறவிட்டு, வழுவழுப்புப் போகக் கழுவி, களத்தில் பரப்புவோம். காய்ந்துவிட்டதா என்று பார்க்க அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு கொட்டையை எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார். பல் பதிந்தால், "இன்னும் ஒரு வெயில் வேணும் கண்ணு" என்பார். ஒருநாள் அப்படிக் கடித்துவிட்டுத் துப்பாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "என்னாலதான உன் வேலை போச்சு" என்றார். நான் நோட்டில் அன்றைய எடையை எழுதிக்கொண்டிருந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் இந்த 27 மாதத்தை எங்கேயும் மறைக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். மறைத்தால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

நேர்முகத் தேர்வில் அந்த நோட்டிலிருந்துதான் கேள்வி வந்தது. "4,600 கிலோவுக்கு 900தானா, மீதி எங்கே போச்சு?" அஞ்சு கிலோ பழத்துக்கு ஒரு கிலோ பார்ச்மென்ட் என்பது எங்கள் தோட்டக் கணக்கு, தோலும் தண்ணீரும் போக மிச்சம் அவ்வளவுதான் என்று சொன்னேன். "அப்போ ஏன் எல்லா வருஷமும் எல்லாரும் இப்படிச் செய்யறதில்லை?" தண்ணீர், ஆள், ராத்திரி வேலை, களம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஏன் வேலையை விட்டீர்கள் என்று யாரும் தனியாகக் கேட்கவில்லை. நீங்கள் எழுதும் ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் பத்து நிமிடம் பேச விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள்.

எல்லாருக்கும் இடைவெளி ஒரே மாதிரி இல்லை. சேலம் மாவட்ட மைய நூலகத்தில் போய்ப் பார்த்தால் தெரியும், டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, யுபிஎஸ்சி என்று இரண்டு மூன்று வருடம் படித்தவர்கள் எத்தனை பேர். அவர்கள் வெட்கப்பட்டு, "ஃப்ரீலான்ஸ் பண்ணினேன்" என்று எழுதுகிறார்கள். வேண்டாம். எந்தத் தேர்வு, எத்தனை முறை, எதுவரை போனீர்கள் என்று எழுதுங்கள். முதல்நிலை தேறி முதன்மையில் போனது என்றால் அதைச் சொல்லுங்கள். தேறவே இல்லை என்றாலும், எந்த மாதத்தில் நிறுத்த முடிவு செய்தீர்கள், ஏன் என்று சொல்லுங்கள். எம்பிஏவும் இன்னொரு தேர்வு முயற்சிதானா என்ற சந்தேகம் அவர்களுக்கு வரும், அதற்கு அந்த முடிவுதான் பதில்.

பிரசவத்துக்கு லீவில் இருந்தவர்கள் கவனியுங்கள். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த 26 வாரமும் நீங்கள் வேலையில்தான் இருந்தீர்கள். அதைப் போய் இடைவெளி என்று எழுதாதீர்கள். அதற்குப் பிறகு வேலையை விட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கு. ஆட்குறைப்பில் வேலை போனவர்களுக்கு ஒரே வரி போதும்: இந்த மாதம் எங்கள் பிரிவில் ஆட்களைக் குறைத்தார்கள், அதில் நானும் ஒருவர். முதலாளியைத் திட்ட வேண்டாம்.

இன்னும் இடைவெளிக்குள்ளேயே இருப்பவர்கள், தேதி போட்ட ஏதாவது ஒன்றைச் செய்துவிடுங்கள். ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற இணையக் கல்வித் தளத்தில் 4, 8, 12 வாரப் படிப்புகள் உண்டு. வீட்டிலிருந்து இலவசமாகப் படிக்கலாம், மையத்துக்குப் போய்த் தேர்வு எழுதினால்தான் கட்டணமும் சான்றிதழும். நான் புள்ளியியல் எடுத்தேன். கணக்கு மறந்துபோயிருக்குமே என்ற அவர்களின் சந்தேகத்துக்கு அது பதிலாக இருந்தது. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, அது போனதுதான் பெரிய லாபம்.

பரிந்துரைக் கடிதம் கேட்கிற கல்லூரிகளுக்குப் பழைய மேலதிகாரியிடம்தான் வாங்க வேண்டும். இரண்டு வருடம் பேசாமல் இருந்துவிட்டுத் திடீரென மெயில் போடாதீர்கள், போன் போடுங்கள். அவரோடு சேர்ந்து செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினால் அவருக்கும் ஞாபகம் வரும்.

பணத்தைப் பொறுத்தவரை, இடைவெளியால் கல்விக் கடன் தடைபடாது. அரசின் வித்யாலட்சுமி தளத்தில் வங்கிக் கடனுக்கு விண்ணப்பிக்கலாம். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாத திட்டம் இருக்கிறது, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணைக்கு அவகாசமும் உண்டு. தோட்டத்தை அடமானம் வைக்கிறேன் என்று அப்பா சொன்னார். முதலில் இதைப் பாருங்கள் என்று அவரை நிறுத்தினேன்.

நேர்முகத் தேர்வுக்குப் பழகும்போது முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் நேராகத் தொடங்கினால் மேலாளர், சங்கிலி என்று பெரிய வார்த்தைகள் தானாக வந்துவிடுகின்றன. நான் ஹஸ்தம்பட்டியில் இருக்கும் அத்தை முன்னால் உட்கார்ந்து சொன்னேன். பாதியில் நிறுத்தி, "அப்பனப் பாத்துக்கிட்டதச் சொல்றதுக்கு எதுக்குடி தரையப் பாக்கற?" என்றார். நான் தரையைப் பார்த்தது எனக்கே தெரியாது. அதற்குப் பிறகு நாலைந்து முறை, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். வீட்டில் அப்படி ஓர் ஆளைப் பிடித்துவையுங்கள்.

கடைசியாக, மலையில் இருப்பவர்களுக்கு. கேட் தேர்வு நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை வரும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம், காபிப் பறிப்பும் அப்போதுதான். 20 கொண்டை ஊசி வளைவில் எங்கே மரம் விழும், எங்கே மண் சரியும் என்று சொல்ல முடியாது. காலை அமர்வு 8.30க்கே தொடங்கிவிடும், அதற்கு வெகு முன்பே மையத்துக்குள் இருக்க வேண்டும். அதனால் மையம் எந்த ஊரில் விழுந்தாலும் சனிக்கிழமை மதியமே இறங்கிவிடுங்கள். அந்த இரண்டு நாளுக்கு வீட்டில் யார், தோட்டத்தில் யார் என்று ஒரு வாரம் முன்பே பேசிவையுங்கள். 2022 நவம்பர் 26 அன்று நான் ஒண்டிக்கடையில் பஸ் ஏறினேன். அன்றைய பழத்தைச் சித்தப்பா எடை போட்டார். நோட்டில் அப்பா எழுதினார்.